டெல்டாவின் 18 தொகுதிகள்: மறுவரையறையில் கோடு போடப்போவது எந்த மேப்? முழு விளக்கம்

தொகுதி மறுவரையறைன்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வர்ற எண் 39. தமிழ்நாட்டுக்கு இப்போது இருக்கும் 39 எம்.பி.க்கள் அப்படியே இருப்பார்களா, குறைவார்களா என்பதுதான் இதுவரை நடந்த பெரிய விவாதம். சட்டமன்றத்தில் 2024 பிப்ரவரியில் தீர்மானம், 2025 மார்ச் 5-ல் அனைத்துக் கட்சிக் கூட்டம், மார்ச் 22-ல் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கலந்துகொண்ட கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டம் என எல்லாமே அந்த எண்ணைச் சுற்றித்தான் நடந்தன.

ஆனால், காவிரி டெல்டாவில் இருப்பவர்கள் இன்னொரு எண்ணையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. அது 18. பழைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தில், அதாவது இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களில் இருக்கும் சட்டமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கை அது. தமிழ்நாட்டுக்கு ஒரு சீட் கூட குறையாவிட்டாலும் இந்த 18 மாறலாம். எப்படி? அதைத் தீர்மானிக்கிற தகவல் எந்த ஆபீஸிலிருந்து எந்த ஆபீஸுக்குப் போகிறது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

18-ல் அப்படி என்ன விசேஷம்?

ஒரு சின்ன கணக்கு. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள். ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தால் ஒரு மக்களவைத் தொகுதி. ஒரு சட்டமன்றத் தொகுதியை இரண்டாகப் பிரித்து இரண்டு எம்.பி. தொகுதிகளில் வைக்கக் கூடாது என்பது சட்டம்.

டெல்டாவின் 18-ஐ ஆறால் வகுத்தால் சரியாக 3. அதனால்தான் தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மூன்று மக்களவைத் தொகுதிகளும் முழுக்க முழுக்க டெல்டா ஊர்களை மட்டுமே வைத்து அமைந்திருக்கின்றன.

மயிலாடுதுறை மக்களவைத் தொகுதி: சீர்காழி, மயிலாடுதுறை, பூம்புகார், திருவிடைமருதூர், கும்பகோணம், பாபநாசம்.

நாகப்பட்டினம்: நாகப்பட்டினம், கீழ்வேளூர், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, திருவாரூர், நன்னிலம்.

தஞ்சாவூர்: தஞ்சாவூர், திருவையாறு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி.

கவனிச்சீங்களா? கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம்தான், ஆனால் எம்.பி. மயிலாடுதுறைக்காரர். மன்னார்குடி திருவாரூர் மாவட்டம், எம்.பி. தஞ்சாவூர். மாவட்ட எல்லை ஒரு பக்கம் போனாலும், மூன்று எம்.பி.க்களுமே மேட்டூர் எப்போது திறப்பாங்க, குறுவைக்குத் தண்ணீர் வருமா, கொள்முதல் நிலையத்தில் நெல் நனையுதா என்று கேட்கிற மக்களுக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். அதுதான் இந்த 18-க்கு உள்ள பலம்.

2008-ல் டெல்டாவில் என்ன நடந்தது?

இப்போது இருக்கும் தொகுதி எல்லைகள் 2008-ல் வந்தவை. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம், 2001 மக்கள்தொகை கணக்கெடுப்பை வைத்து இந்தக் கோடுகளைப் போட்டது. 2009 மக்களவைத் தேர்தலும் 2011 சட்டமன்றத் தேர்தலும் அந்த எல்லைகளில்தான் முதன்முதலாக நடந்தன.

அப்போது மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை 234, 39 என அப்படியே இருந்தது. ஒரு சீட் கூட கூடவில்லை, குறையவில்லை. ஆனாலும் டெல்டாவில் வலங்கைமான், குத்தாலம், திருவோணம் என மூன்று சட்டமன்றத் தொகுதிகள் காணாமல் போயின. கீழ்வேளூர் என ஒன்று புதிதாக வந்தது. 20 ஆக இருந்தது 18 ஆனது. அதே சமயம் சென்னையில் 14 தொகுதிகள் 16 ஆகின.

தனித் தொகுதிகளும் இடம் மாறின. அதுவரை பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்த திருவாரூரும் நன்னிலமும் பொதுத் தொகுதி ஆகின. பொதுத் தொகுதியாக இருந்த திருவிடைமருதூர் தனித் தொகுதி ஆனது. புதிதாக வந்த கீழ்வேளூரும் தனித் தொகுதிதான். மு.கருணாநிதி தன் சொந்தப் பகுதியான திருவாரூரில் 2011-ல் முதல்முறையாகப் போட்டியிட முடிந்ததும் இந்த மாற்றத்தால்தான்.

ஆக, மாநிலத்துக்குள்ளேயே சீட்டுகள் நகரும். 2008 அதற்கு நேரடி உதாரணம்.

அடுத்த முறை 18, 17 ஆகுமா?

உறுதியாகச் சொல்ல 2027 கணக்கெடுப்பு முடிவு வரணும். ஆனால், ஏற்கெனவே கையில் இருக்கும் எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2001-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. இதை 234-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு சராசரியாக 2.67 லட்சம் பேர். அப்போதைய தஞ்சாவூர், திருவாரூர், நாகை மாவட்டங்களில் மொத்தம் 48.74 லட்சம் பேர். சராசரியால் வகுத்தால் 18.28. கிடைத்தது 18.

2011-ல் மாநில மக்கள்தொகை 7,21,47,030. தொகுதிக்குச் சராசரி 3.08 லட்சம். அதே டெல்டா மாவட்டங்களில் 52.87 லட்சம் பேர். வகுத்தால் 17.15.

அதாவது, 234 என்ற எண் மாறாமல் 2011 கணக்கை மட்டும் வைத்துக் கோடு போட்டிருந்தால்கூட டெல்டாவுக்கு 17 தொகுதிதான் வந்திருக்கும். காரணம் எளிது. பத்து வருஷத்தில் மாநில மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. டெல்டாவில் கூடியது சுமார் 8.5 சதவீதம். குழந்தை பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம், பிழைப்புக்காக திருப்பூர், கோவை, சென்னை, சிங்கப்பூர், வளைகுடான்னு கிளம்பிப் போனவர்களும் ஒரு காரணம்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்க. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 2001 கணக்கில் 10.8 தொகுதி வந்தது, 11 கொடுத்தார்கள். 2011 கணக்கில் அது 12.97. பழைய திருவள்ளூர் 10.3-லிருந்து 12.09. தாம்பரம், ஆவடி பக்கம் குடியேறியவர்களில் டெல்டாக்காரர்களும் உண்டு. ஆள் எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் கணக்கு. ஊரில் வீடும் நிலமும் இருந்தாலும், குடும்பத்தோடு சென்னையில் இருந்தால் அந்தத் தலை சென்னைக் கணக்கு. வெளிநாட்டில் இருப்பவர் எந்த ஊர்க் கணக்கிலும் வரமாட்டார்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. டெல்டா நெல் விளையும் பூமியாகவே இருக்க வேண்டும் என்பதற்காக 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தோம். சில வகைத் தொழில்கள் புதிதாக வரக் கூடாது என்று தடை போட்டோம். அதற்கு நியாயமான காரணம் இருக்கு. ஆனால் ஆலை வரும் இடத்தில் ஆள் கூடும், வயல் இருக்கும் இடத்தில் கூடாது. தொகுதியைத் தீர்மானிப்பது வயலின் ஏக்கர் கணக்கு இல்லை, ஆள் கணக்கு.

ஒரு தொகுதி குறைந்தால் என்ன பெரிய நஷ்டம்?

ஒரு எம்.எல்.ஏ. குறைவார் என்பதோடு விஷயம் முடிவதில்லை. 17-ஐ ஆறால் வகுத்தால் மீதி வருகிறது. அப்படி வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு சட்டமன்றத் தொகுதி டெல்டா எம்.பி. தொகுதிக்குள் வரணும். இல்லாவிட்டால் டெல்டாவின் சில தொகுதிகள் வெளி எம்.பி. தொகுதிக்குப் போகணும்.

போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையைப் பார்த்தாலே போதும். 2008 வரை புதுக்கோட்டை என்றொரு மக்களவைத் தொகுதி இருந்தது. மறுவரையறையில் அது நீக்கப்பட்டது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு எம்.பி. தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சியில், விராலிமலை கரூரில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில். மாவட்டத்துக்கு நான்கு எம்.பி. இருக்காங்கன்னு சொல்லலாம். ஆனால் அந்த நால்வரில் யாருக்கும் புதுக்கோட்டை முழு மாவட்டம் இல்லை.

காவிரி விவகாரத்தில் டெல்லியில் பேச வேண்டிய டெல்டாவுக்கு அதே நிலை வந்தால்? இதுதான் 18-க்குப் பின்னால் இருக்கும் உண்மையான கேள்வி.

கோடு போடுறது யார்? டேட்டா கொடுக்கிறது யார்?

நம் நாட்டில் தொகுதி எல்லையைக் கட்சிகளோ, சட்டமன்றமோ வரைவதில்லை. நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடும். அதன்படி மறுவரையறை ஆணையம் அமையும். 2002 சட்டத்தின்படி உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைவர். தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் நியமிக்கும் தேர்தல் ஆணையர் ஓர் உறுப்பினர். அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையர் இன்னொரு உறுப்பினர். மாநிலத்திலிருந்து ஐந்து எம்.பி.க்கள், ஐந்து எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். பேசலாம், எதிர்ப்பைப் பதிவு செய்யலாம். ஓட்டுப் போட முடியாது.

ஆணையத்திடம் சொந்தமாக மேப்போ, ஆள் கணக்கோ கிடையாது. எல்லாமே மற்ற துறைகள் கொடுப்பதுதான்.

மக்கள்தொகை எண்ணிக்கையைக் கொடுப்பது இந்தியத் தலைமைப் பதிவாளர், அதாவது சென்சஸ் அலுவலகம். ஊர்வாரியாக, வார்டுவாரியாக எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற விவரம் அங்கிருந்துதான் வரும்.

நில வரைபடத்துக்கு இந்திய சர்வே துறையின் உதவியை ஆணையம் கேட்கலாம். ஜி.ஐ.எஸ். எனப்படும் கணினி வரைபட நிபுணர்களையும் அழைக்கலாம் என்று 2002 சட்டத்திலேயே இருக்கிறது.

எந்தக் கிராமம் எந்த வட்டம், எந்தக் குறுவட்டம் என்ற விவரம் மாநில வருவாய்த் துறையிடம் இருக்கிறது.

பூத் வாரியான விவரம் தேர்தல் ஆணையத்திடம் இருக்கிறது.

ஊராட்சி, நகராட்சி வார்டு எல்லைகள் மாநிலத்தின் உள்ளாட்சித் துறைகள் கையில். அந்த வார்டுகளை வரையறுக்க தமிழ்நாட்டில் 2017-ல் தனிச் சட்டமே போட்டு, தனி ஆணையம் அமைத்தார்கள்.

மாவட்ட அளவில் பார்த்தால் ஒரு வேடிக்கை. கலெக்டர்தான் வருவாய்த் துறைக்குத் தலைவர். அவரேதான் மாவட்டத் தேர்தல் அலுவலர். சென்சஸ் வேலைக்கு முதன்மை அலுவலரும் அவர்தான். ஒரே ஆள், ஒரே அலுவலகம். ஆனால் அந்த மூன்று வேலைக்கும் பயன்படும் எல்லைகள் ஒன்றல்ல.

ஒரே ஊருக்கு இத்தனை எல்லையா?

ஆமாம். டெல்டாவில் ஏதாவது ஒரு கிராமத்தை எடுத்துக்கோங்க. வி.ஏ.ஓ. கணக்கில் அது ஒரு வருவாய் கிராமம். சிட்டா, அடங்கல் எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கும். ஊராட்சிக் கணக்கில் வேறு பெயர் இருக்கலாம். ஒரு ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் இருப்பதும் உண்டு, ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்து கிடப்பதும் உண்டு.

சென்சஸ்காரர்கள் அதே ஊரைக் கணக்கெடுப்பு பிளாக்குகளாகப் பிரிப்பார்கள். ஒரு கணக்கெடுப்பாளர் எத்தனை வீடு போய்வர முடியும் என்பதுதான் அதற்கு அளவு. தேர்தல் ஆணையம் அதே ஊரை வாக்காளர் பட்டியலின் பாகங்களாகப் பிரிக்கும். ஒரு பூத்துக்கு எத்தனை வாக்காளர் என்பது அதற்கு அளவு. வடக்குத் தெரு, காளியம்மன் கோயில் தெரு, காலனித் தெரு என்று தெருப் பெயர்களாகத்தான் பாகத்தின் பரப்பு எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே, ஒரு பூத்தின் எல்லைக்குள் மொத்தம் எத்தனை ஜனம் என்று கேட்டால் நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. வாக்காளர் எண்ணிக்கை ஒரு துறையிடம், மக்கள்தொகை இன்னொரு துறையிடம். இரண்டும் ஒரே கோட்டின் மேல் உட்காரவில்லை. மறுவரையறை வாக்காளர் எண்ணிக்கையை வைத்து நடப்பதில்லை, மக்கள்தொகையை வைத்து நடக்கிறது என்பதையும் இங்கே ஞாபகம் வெச்சுக்கணும். குழந்தைகளும் அந்தக் கணக்கில் உண்டு.

ஆணையத்தின் இறுதி உத்தரவிலும் ஒரு தொகுதியின் பரப்பு எழுத்தில்தான் இருக்கும். இந்த வட்டம் முழுவதும், அந்த வட்டத்தின் ஒரு பகுதி, அதில் இன்னின்ன கிராமங்கள் எனப் பட்டியலாக இருக்கும். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனாலோ, பழைய பெயரில் இருந்தாலோ குழப்பம். பட்டாவில் யூ.டி.ஆர். பிழை என்று தாலுகா ஆபீஸுக்கு அலைந்த விவசாயிக்கு இது புரியும். காகிதத்தில் ஒரு எழுத்து மாறினால் திருத்த எத்தனை வருஷம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொன்று, ஆறு. சட்டம் சொல்வது என்னவென்றால், தொகுதி முடிந்தவரை ஒட்டுமொத்தமான நிலப்பரப்பாக இருக்க வேண்டும். இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கொள்ளிடம், அரசலாறு, வெண்ணாறு, வெட்டாறு என ஓடும் பூமியில் மேப்பில் பக்கத்தில் தெரியும் இரண்டு ஊர்களுக்கு நடுவில் பாலம் இல்லாமலும் இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்து டெல்லியில் உட்கார்ந்து கோடு போட்டால் இது தெரியாது. பாலம் எங்கே இருக்கு, பஸ் எந்த வழியாப் போகுது என்பதெல்லாம் உள்ளூர்த் தகவல்.

டிசம்பர் 31 ஏன் முக்கியமான தேதி?

2025 ஜூன் 16-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. வீடுகளைப் பட்டியலிடும் முதல் கட்டம் 2026 ஏப்ரலில் தொடங்குகிறது. ஆள் கணக்கு 2027 பிப்ரவரியில். இந்தியாவில் செல்போன் செயலி மூலம் நடக்கப்போகும் முதல் டிஜிட்டல் கணக்கெடுப்பு இது. சாதி விவரமும் கேட்கப்படும்.

அதற்கு முன்னால் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், நகராட்சி என எந்த எல்லையை மாற்றுவதாக இருந்தாலும் 2025 டிசம்பர் 31-க்குள் மாற்றிவிடுங்கள் என்று மாநிலங்களுக்குத் தலைமைப் பதிவாளர் கடிதம் எழுதியிருந்தார். 2026 ஜனவரி 1 முதல் 2027 மார்ச் 31 வரை எல்லைகள் உறைந்த நிலையில் இருக்கும். அதன் பிறகு எந்த ஊரை எதோடு சேர்த்தாலும் கணக்கெடுப்பில் பழைய எல்லைதான்.

கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்துத் தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. நகரை ஒட்டிய ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்ப்பதற்கு ஆங்காங்கே எதிர்ப்பும் இருக்கிறது. இதெல்லாம் நூறு நாள் வேலை போகுமா, வீட்டு வரி ஏறுமா என்ற கேள்வியாகத்தான் பேசப்படுகிறது. ஆனால், உறைந்துபோகும் இந்த எல்லைகளின் மேல்தான் கணக்கெடுப்பு நடக்கும். அந்த எண்களின் மேல்தான் பின்னால் தொகுதி வரும். 2008 மறுவரையறையிலும் 2004 பிப்ரவரி 15 அன்று இருந்த நிர்வாக எல்லைகளையே ஆணையம் எடுத்துக்கொண்டது.

எல்லைத் தேதிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அசாம் காட்டியது. அங்கே மறுவரையறை தொடங்கப்போவதாகத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பர் 27-ல் அறிவித்தது. 2023 ஜனவரி 1 முதல் புதிய நிர்வாக அலகு எதுவும் உருவாக்கக் கூடாது என்றது. தடை தொடங்குவதற்கு முந்தின நாளான டிசம்பர் 31-ல் அம்மாநில அமைச்சரவை நான்கு மாவட்டங்களைப் பழைய மாவட்டங்களோடு இணைத்தது. 2023 ஆகஸ்ட் 11-ல் இறுதி உத்தரவு வந்தது. அதே மாதத்தில் அந்த மாவட்டங்களை மீண்டும் உருவாக்க அமைச்சரவை முடிவு செய்தது. தொகுதி வரையும் காலத்துக்கு மட்டும் மாவட்ட எல்லை மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் எப்படி செய்றாங்க?

அங்கே 1975-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பொதுச் சட்டம் 94-171 என்று பெயர். அதன்படி, கணக்கெடுப்புக்குச் சில வருஷம் முன்னாலேயே மாநிலங்கள் தங்கள் வாக்களிப்பு வட்டார எல்லைகளை சென்சஸ் அலுவலகத்துக்கு மேப்பாக அனுப்பலாம். எந்தத் தெரு, எந்த ஓடை எல்லையாக இருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். சென்சஸ் அலுவலகம் அந்த எல்லைகளைத் தன் வரைபடத்தில் ஏற்றிக்கொண்டு, கணக்கெடுப்பு முடிந்ததும் அதே எல்லைகளுக்கு எத்தனை பேர் என்று திருப்பிக் கொடுக்கும். கணக்கெடுப்பு ஆண்டுக்கு அடுத்த ஏப்ரல் 1-க்குள் கொடுக்க வேண்டும். கொரோனாவால் 2021-ல் மட்டும் ஆகஸ்ட் 12 வரை தாமதம் ஆனது. அந்த டேட்டாவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்போ அங்கே எல்லாம் நியாயமா நடக்குதா என்றால், அதுவும் இல்லை. பல மாநிலங்களில் கோடு போடுவது ஆளும் கட்சி கையில் இருக்கும் சட்டமன்றமே. தங்களுக்குச் சாதகமாகப் பாம்பு போல வளைத்து வளைத்துத் தொகுதி வரைவது அங்கே 1812-லிருந்தே பழக்கம். நல்ல மேப் இருந்தும் வரைகிற கை கட்சியின் கையாக இருக்கிறது.

இங்கே நிலைமை தலைகீழ். வரைவது நீதிபதி தலைமையிலான ஆணையம். ஆனால் மக்கள் சரிபார்க்கும் விதத்தில் மேப் கிடையாது. அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு பாதிதான்.

மேப் வெளியானால் நம்ம சொந்த விவரமும் வெளிய போயிடுமா?

போகாது. இரண்டையும் குழப்பிக்கக் கூடாது. 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின்படி ஒரு தனிநபர் சொன்ன விவரத்தை வெளியில் காட்டக் கூடாது. வாக்காளர் பட்டியலைக் கணினியில் தேடும் வடிவில் தர வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்கவில்லை.

இங்கே கேட்கப்படுவது பெயரும் முகவரியும் இல்லை. இந்த எல்லைக்கோட்டுக்குள் மொத்தம் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற கூட்டுத்தொகையும், அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்ற வரைபடமும்தான். திருவாரூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி பட்டியல் சாதியினர் சுமார் 34 சதவீதம். எந்தச் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி ஆகும் என்பதை இந்த ஊர்வாரி எண்தான் தீர்மானிக்கும். ஒரு காலனி இந்தப் பக்கம் சேர்ந்தால் ஒரு முடிவு, அந்தப் பக்கம் போனால் வேறு முடிவு. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 2023-ஆம் ஆண்டின் 106-வது அரசியல் சட்டத் திருத்தமும் மறுவரையறைக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதற்கும் இதே மேப்தான் அடிப்படை.

தப்பா வரைஞ்சா கோர்ட்டுக்குப் போகலாமா?

கஷ்டம். ஆணையத்தின் இறுதி உத்தரவு அரசிதழில் வெளியானால் அது சட்டத்துக்குச் சமம், நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று 2002 சட்டம் சொல்கிறது. 1966-ல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தன்னிச்சையாக, அரசியல் சட்ட விழுமியங்களுக்கு முரணாக இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் சின்னக் கதவுதான்.

அதனால், பேச வேண்டிய நேரம் வரைவு வெளியாகும் நேரம். ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபனை கேட்டு, பொது அமர்வு நடத்தித்தான் இறுதி செய்ய வேண்டும். வரைவு வந்த பிறகு மேப்பைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த நாட்கள் ஓடிவிடும். ஆட்சேபனை சொல்பவர் கையில் ஊர்வாரி எண்ணும் வரைபடமும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

எஸ்.ஐ.ஆர். பணிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை. 2025 நவம்பர் 4 முதல் வீடு வீடாகப் படிவம் கொடுத்து நடந்தது வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். அது யாருக்கு ஓட்டு என்பதைச் சொல்லும். மறுவரையறை, அந்த ஓட்டு எந்தத் தொகுதியில் என்பதைச் சொல்லும். 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு இப்போதைய 234 தொகுதி எல்லைதான். மறுவரையறை 2027 கணக்கெடுப்புக்குப் பிறகுதான். 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும் வரை சீட் எண்ணிக்கையை மாற்றக் கூடாது என்பது 84-வது அரசியல் சட்டத் திருத்தம். போன முறை 2002-ல் சட்டம் வந்து 2008-ல்தான் எல்லை அமலுக்கு வந்தது.

சரி, இப்போ நாம என்ன செய்யலாம்?

முதல் விஷயம், நம்ம ஊர் எந்த வருவாய் கிராமம், எந்த ஊராட்சி, எந்த வட்டம் என்பது பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. வழக்கமாக இதை ஊராட்சித் தலைவர் பார்ப்பார். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். எல்லை உறைந்த நேரத்தில், ஊரில் கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லை. அதனால் வி.ஏ.ஓ.விடம் நாமே போய்க் கேட்க வேண்டிய நிலை. எந்தக் குக்கிராமமாவது, புதிதாக வந்த நகராவது விட்டுப்போயிருந்தால் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கோங்க.

இரண்டாவது, கணக்கெடுப்பு நடக்கும் 2027 பிப்ரவரி டெல்டாவில் சம்பா அறுவடைக் காலம். வீட்டில் ஆள் இல்லை, எல்லாரும் வயலில், களத்தில் என்று இருக்கும். ஊரில் வசிக்கும் ஒருவர் கூட விட்டுப்போகாமல் பார்க்க வேண்டியது அந்தந்தத் தெருக்காரர்களின் வேலையும்தான். 17.15 என்ற கணக்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயிரக்கணக்கில் தலை இருக்கிறது.

மூன்றாவது, அரசிடம் கேட்க வேண்டியது. வருவாய் கிராமம், ஊராட்சி, கணக்கெடுப்பு பிளாக், வாக்காளர் பட்டியல் பாகம் ஆகிய நான்கின் எல்லைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்படி ஒரே மேப்பில் வெளியிட வேண்டும். டிஜிட்டல் கணக்கெடுப்பு என்பதால் தொழில்நுட்பம் இருக்கிறது. வாக்காளர் பட்டியல் பாகங்களையும் வரைபடமாக்கி சென்சஸ் அலுவலகத்துக்குத் தேர்தல் ஆணையம் கொடுத்தால், பூத் வாரியாக மக்கள்தொகை கிடைக்கும். இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். துறைகள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுத்து, அதை மக்களுக்கும் காட்டினால் போதும்.

39 பற்றிய முடிவு நாடாளுமன்றத்தில் நடக்கும். அதில் டெல்டாக்காரர்கள் நேரடியாகச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் 18 அப்படி இல்லை. அதற்கான முதல் கணக்கு நம்ம தாலுகா ஆபீஸிலும், நம்ம தெருவுக்கு வரும் கணக்கெடுப்பாளரின் செல்போனிலும் எழுதப்படுகிறது. ஒருமுறை வி.ஏ.ஓ. ஆபீஸ் பக்கம் போய் நம்ம ஊர்ப் பெயரைப் பார்த்துட்டு வந்துடுங்க.